கேளாமல் வந்த உபகாரம்

உபகாரத்தில் மூன்று தினுசு உண்டு. கேட்ட பிறகு செய்யும் உபகாரம் ஒன்று. கேளாமலே குறிப்பறிந்து செய்யும் உபகாரம் மற்றொன்று. இவ்விரண்டையும் நம் பெரியோர்கள் வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். மூன்றாவது தினுசைப் பற்றி அவர்கள் அதிகமாகச் சொல்லவில்லை. "வேண்டாம், வேண்டாம்" என்று நாம் கதறிக்கொண்டிருக்கும் போதே செய்து முடிக்கப்படும் உபகாரம் அது. கலியாண வீட்டில் நாம் இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டிருக்கையில் விரல் இடுக்கு வழியாகப் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போகிறாரே, அந்த மகானுபாவர் இந்த மூன்றாவது வர்க்கத்தைச் சேர்ந்தவர். அவரையாவது மன்னித்துவிடலாம். பந்தி முடிந்ததும் எழுந்து கை அலம்பப் போய்விடுகிறோம். ஆனால் அப்பேர்ப்பட்ட மனிதர்கள் ஐந்தாறு பேர் நம்முடைய சொந்த மோட்டார் வண்டிக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டால் என்ன செய்வது?

என்னுடைய ஸ்திதி இப்போது அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நான் ஒரு மலை வண்டி வாங்கினேன். வேண்டும்போது நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இழுக்கும்படி செய்துகொள்ளக்கூடிய வண்டி. "ஆட்டோமேடிக் கியராக எடுத்துக்கொள்ளுங்கள், சார்! இந்தக் காலத்தில் யார் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்றார் விற்பனைக்காரர். "நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி, கியரைக் கையால் மாற்றும் வண்டியையே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன்.

இதற்குக் காரணம் என் மாமா. இரண்டாவது மகாயுத்தத்தின்போது, 1941-ஆம் வருஷத்திலிருந்து, அமெரிக்கர்கள் வில்லிஸ் ஜீப் வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து குவித்தார்கள் அல்லவா? அறுபது குதிரைச் சக்தியும், மூன்றே கியரும், மேடு பள்ளத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் கியர் பெட்டியும் கொண்ட எளிய வண்டி அது. 1940-களின் கடைசியில் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் அதே ஜீப்பைப் பூட்டத் தொடங்கினார்கள். அந்த வம்சத்தில் வந்த கிழ ஜீப் ஒன்று மாமாவிடம் இருந்தது. அதில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். "கிளட்ச் எங்கே கவ்வுகிறது என்று கால் சொல்லவேண்டும், எஞ்சின் எங்கே திணறுகிறது என்று காது சொல்லவேண்டும், சக்கரம் எங்கே வழுக்குகிறது என்று நீ உட்கார்ந்திருக்கும் இடம் சொல்லவேண்டும்" என்பார் மாமா. இந்த மூன்றையும் நான் ஒருவாறு கற்றுக்கொண்டேன். அந்தக் கர்வத்துடன்தான் புது வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் வண்டியில் எனக்கு முன்னாலேயே பலர் உட்கார்ந்திருப்பது தெரிய வந்தது!

அவர்களை வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். முதலாவது பேர்வழி, மேட்டில் வண்டி பின்னுக்கு உருளாமல் பிடித்துக்கொள்கிறவர். பிரேக்கிலிருந்து நாம் காலை எடுத்த பிறகும் இரண்டு விநாடி நேரம் இவர் பிரேக்கை விடமாட்டார். இரண்டாவது பேர்வழி, சக்கரம் சிறிது வழுக்கினாலும் எஞ்சினுடைய சக்தியைக் குறைத்து, அந்தந்தச் சக்கரத்துக்குத் தனித்தனியாகப் பிரேக் போடுகிறவர். மூன்றாமவர், அழுத்திப் பிரேக் போட்டால் சக்கரம் இறுகி நின்றுவிடாதபடி விட்டு விட்டுப் பிடிக்கிறவர். நான்காமவர், சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றதும், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினையே அணைத்துவிடுகிறவர். ஐந்தாமவர், இந்தக் கியர் போதாது, அடுத்த கியருக்குப் போ என்று முகப்பில் அம்புக்குறி காட்டிக்கொண்டேயிருக்கிறவர். ஆறாமவர், கிளட்சை முழுவதும் மிதித்தாலன்றி வண்டியைக் கிளப்ப விடாதவர். ஏழாவதாகப் பின்புறத்தில் ஒருவர் இருக்கிறார். இவருக்குச் சுவருக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. காட்டுப் பாதையில் பின்னுக்கு எடுத்தோமானால், முழங்கால் உயரப் புல்லைக் கண்டு ஆபத்து, ஆபத்து என்று அலறுவார்.

பட்டணத்துச் சாலையில் இவர்களோடு குடித்தனம் செய்வது கஷ்டமல்ல. மண் பாதையில் இறங்கும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால், வண்டியைத் தொட்டில் ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டித்தான் வெளியே எடுக்கவேண்டும். கொஞ்சம் முன்னால் ஏறியதும் கிளட்சை மிதித்துப் பின்னுக்கு உருளவிட்டு, அந்த வேகம் அடங்குவதற்குள் மறுபடி முன்னுக்கு உந்தவேண்டும். இதில் தாளந்தான் பிரதானம். நான் உருளட்டும் என்று விடுகிற அந்தச் சமயம் பார்த்து முதலாவது பேர்வழி, "ஐயோ, உருளுகிறதே!" என்று இறுகப் பிடித்துக்கொள்வார். இரண்டு விநாடி கழித்து அவர் விடும்போது தாளம் தப்பியிருக்கும். மணலிலும் சேற்றிலும் இதே கதைதான். அங்கே சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் டயரில் அப்பிய சேறு உதிர்ந்து பிடி கிடைக்கும். சுழல்வதைக் கண்டதும் இரண்டாவது பேர்வழி எஞ்சினுடைய கழுத்தை நெரித்துவிடுவார். நான் காலால் அமுக்க அமுக்க, எஞ்சின் பெருமூச்சு விடும். வண்டி மேலும் ஒரு சாண் புதையும்.

நிற்க. குற்றப் பத்திரிகை படித்தாகிவிட்டது. எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்கத்தானே வேண்டும்?

இந்த உபகாரிகளில் ஒருவரும் கெட்ட எண்ணத்துடன் பிறந்தவர்களல்ல. விட்டு விட்டுப் பிடிக்கும் பிரேக் 1978-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் பென்ஸ் கார்களில் வந்தது. வழுக்கலைத் திருத்தும் கருவி 1995-ல் அதே நாட்டில் வந்தது. ஈரமான தார்ச் சாலையில் வேகமாகப் போகும்போது குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், எப்பேர்ப்பட்ட சூரனும் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிடுவான். சக்கரம் இறுகிவிட்டால் பிறகு ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிரயோஜனமில்லை. வண்டி நேரே போய்த்தான் மோதும். அந்த நேரத்தில் மனிதனால் செய்ய முடியாததை இந்தக் கருவி செய்கிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களுக்கெல்லாம் இந்தப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது சரியான காரியமென்றே நான் நினைக்கிறேன். ஆனால் தார்ச் சாலைக்குப் பொருந்திய புத்தி உதிர்ந்த சரளைக் கல்லில் பொருந்துவதில்லை. அங்கே சக்கரம் இறுகி நின்றால் கற்கள் அதன் முன்னால் கரைபோலக் குவிந்து வண்டியை நிறுத்தும். சக்கரம் விட்டு விட்டு உருண்டால் அந்தக் கரை சேருவதற்கில்லை; வண்டி இன்னும் சில கஜம் தள்ளித்தான் நிற்கும்.

மேட்டில் பிடித்துக்கொள்ளும் வித்தைகூடப் புதிதல்ல. 1936-லேயே அமெரிக்காவில் ஸ்டூட்பேக்கர் கார்களில் அது வந்துவிட்டது. அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கவனியுங்கள். கிளட்சை மிதித்திருக்கும் வரையில் பிரேக் பிடித்திருக்கும்; கிளட்சை விடும்போது பிரேக்கும் விட்டுவிடும். அதாவது, அந்தக் கருவிக்கு எஜமான் டிரைவருடைய இடது கால். என் வண்டியிலுள்ள கருவிக்கு எஜமான் ஒரு கடிகாரம். இரண்டு விநாடி ஆயிற்றா, விட்டுவிடு! நான் தயாரா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. இறக்கத்தில் தானே பிரேக் போட்டு மெள்ள இறக்கும் கருவியை 1997-ல் லாண்ட் ரோவர் கம்பெனியார் ஃப்ரீலாண்டர் என்ற வண்டியில் கொண்டுவந்தார்கள். அந்த வண்டியில் சின்னக் கியர் பெட்டி கிடையாது. இல்லாத கியருக்குப் பதிலாகச் செய்த ஏற்பாடு அது. பிற்பாடு, சின்னக் கியர் பெட்டி இருக்கிற வண்டிகளிலும் அதை வைத்து, கியர் செய்யவேண்டிய வேலையைப் பிரேக்கிடம் ஒப்படைக்கும்படி நமக்கு உபதேசம் செய்கிறார்கள்.

இப்படியெல்லாம் நான் நண்பர்களிடம் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் கொல்லிமலைப் பிரயாணம் நேர்ந்தது.

சென்ற ஐப்பசி மாதத்தில் நானும் என் பெண்ணும் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த எழுபதையும் நானே ஓட்டினேன். பெண்ணிடம் லைசென்ஸ் இருக்கிறது. இந்த வண்டியில்தான் அவள் கற்றுக்கொண்டாள். "நான் கொஞ்சம் ஓட்டட்டுமா, அப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "மலைப்பாதை அம்மா, இன்னொரு நாள் ஆகட்டும்" என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

செம்மேட்டைத் தாண்டி, என் நண்பருடைய மிளகுத் தோட்டத்துக்குப் பிரிந்து போகும் மண் பாதையில் நாங்கள் திரும்பியபோது மாலை ஐந்து மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. கடைசியில் அரைப் பர்லாங்கு நீளத்துக்குச் செங்குத்தான ஏற்றம், செம்மண் பூமி, இடப் பக்கம் மேடு, வலப் பக்கம் பள்ளம்.

"அப்பா, சின்னக் கியர் பெட்டியைப் போட வேண்டாமா?" என்று பெண் கேட்டாள்.

"இந்த மேட்டுக்கா?" என்று சிரித்தேன்.

பாதி மேடு ஏறியதும் சக்கரம் வழுக்குவதை, மாமா சொன்ன இடத்தில், நான் உணர்ந்தேன். ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அதிகப்படுத்தினால் சேறு உதிர்ந்து பிடி கிடைத்துவிடும். அதிகப்படுத்தினேன். முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. எஞ்சின் சத்தம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. காலை இன்னும் அழுத்தினேன். எஞ்சின் ஒரு தரம் முனகிவிட்டு நின்றே போய்விட்டது. பிறகு மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

இந்த மாதிரி சமயத்துக்கு மாமா ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தார். கிளட்சைத் தொடக்கூடாது. வண்டி கியரிலேயே இருக்கட்டும்; எஞ்சின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியே சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினோடு வண்டியையும் சேர்த்து ஓரடி மேலே தள்ளும்; அதற்குள் எஞ்சின் பற்றிக்கொள்ளும். வண்டி ஒரு கணமும் பிடியில்லாமல் நிற்காது. நான் சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. "கிளட்சை மிதிக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் முகப்பில் தோன்றியது. ஆறாவது பேர்வழி!

வேறு வழியில்லாமல் மிதித்தேன். எஞ்சினுடைய பிடி சக்கரங்களை விட்டது. இனி பிரேக் ஒன்றுதான் கதி. ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணை செய்யும் காற்றுச் சக்தியும் இரண்டொரு மிதியோடு தீர்ந்துவிடும்; பிறகு மிதி கல்லைப்போல் இறுகிவிடும். பதற்றத்தில் நான் அதைத் தூக்கித் தூக்கி மிதித்துவிட்டேன். வண்டி பின்னுக்கு நகர்ந்தது. முழுப் பலத்தையும் காலில் கொடுத்தேன். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. ஈரச் செம்மண்ணில் அது சறுக்கிக்கொண்டே கீழே போயிற்று. பின்புறம் மெள்ள வலப் பக்கம் திரும்பியது. என் பெண் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய கை மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டது.

பாதையோரத்திலிருந்த ஒரு பாறை எங்களைக் காப்பாற்றியது. வலது பின் சக்கரம் அதில் போய் முட்டி நின்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இடப் பக்கக் கதவு வழியாக இருவரும் இறங்கினோம். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வண்டி செய்தவர்களையும், மின்சார மூளையைக் கண்டுபிடித்தவர்களையும் வாயில் வந்தபடி வைதேன். பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் சொன்னபோதே சின்னக் கியர் போட்டிருந்தால்?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கீழேயிருந்து ஒரு பழைய ஜீப் மூட்டைகளுடன் ஏறி வந்தது. எங்கள் வண்டி வழியை மறித்துக்கொண்டிருந்ததால் அது நின்றது. நிற்பதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பையன் கல்லும் கையுமாகக் குதித்து, "அண்ணே, போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சக்கரத்தடியில் கல்லைப் போட்டான். ஜீப்பை ஓட்டி வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். ராசிபுரத்துப் பக்கத்து மனிதராம். முப்பது வருஷமாக மலையில் ஓட்டுகிறாராம்.

"ஏனுங்க, ரோட்டுக்குக் குறுக்கால நிறுத்திப் போட்டீங்க?" என்று கேட்டார். என் புகார்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கைப்பிரேக் கம்பி இருக்குதில்லீங்க? அது போதும். இந்த வண்டியில எதெது தானா வேலை செய்யும், அதைச் சொல்லுங்க" என்றார்.

அதுதான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை! மூன்று வருஷமாக அவர்களோடு சண்டை போட்டேனேயொழிய, அவர்களுடைய வேலை விதிகளைப் படித்ததில்லை. என் பெண் முன் பெட்டியிலிருந்து வண்டியின் புத்தகத்தை எடுத்தாள். அதன் உறையே பிரிக்கப்படாமல் இருந்தது. டெலிபோன் வெளிச்சத்தில் படித்துச் சொன்னாள். சின்னக் கியர் பெட்டியைப் போட்டால், எஞ்சின் சக்தியைக் குறைக்கும் வேலையை அந்த இரண்டாவது பேர்வழி நிறுத்திக்கொள்வாராம். வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து, அதன் பங்கு சக்தியை மறு சக்கரத்துக்கு அனுப்பும் வேலையைத் தொடர்ந்து செய்வாராம். கிளட்ச் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்படீங்களா, அம்மணி? நல்லதாப் போச்சு" என்று பெரியவர் ஏறி உட்கார்ந்தார். கைப்பிரேக்கை மேலும் ஒரு பல் இழுத்தார். கிளட்சை மிதித்துக் கிளப்பி, சின்னக் கியரைப் போட்டார். இடது காலை மயிலிறகுபோல் தூக்கினார். வண்டியின் முன்புறம் சிறிது நிமிர்ந்ததும் கைப்பிரேக்கைத் தணித்தார். வண்டி நகர்ந்தது. பாறையை விட்டு விலகும்போது ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வெறுமே சுழன்றது. போச்சு என்று நான் நினைத்தேன். அடியிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. சுழன்ற சக்கரம் தயங்கியது. மறு சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி மேட்டின் உச்சியில் போய் நின்றது.

பெரியவர் இறங்கி வந்து, அந்தப் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "சும்மா சொல்லப்படாதுங்க, கெட்டிக்கார ஆளுதான். என்ற ஜீப்பா இருந்தா அந்தக் கல்லுகிட்ட நாலு பேரு தள்ளோணும்" என்றார். பிறகு தம் கிளீனர் பையனைக் காட்டி, "ஆனா ஒண்ணுங்க. இவன் எத்தனை கெட்டிக்காரனா இருந்தாலும், 'போடட்டுங்களா?'ன்னு கேட்டுப் போட்டுத்தான் கல்லைப் போடோணும். நா வண்டிய எடுக்கறப்ப இவம்பாட்டுக்குக் கல்லைப் போட்டான்னு வைங்க, வண்டியும் போச்சு, இவனும் போனான்!" என்றார்.

அன்றிரவு நண்பர் வீட்டில் படுத்துக்கொண்டு இந்த வார்த்தையைப் பற்றி வெகு நேரம் யோசித்தேன். என் மூன்று வருஷத்துக் கோபத்தின் அடி வேர் அதில் இருந்தது. உதவி வந்ததல்ல என் குறை. என்னைக் கேளாமல் வந்ததுதான் குறை. கேட்பதற்கு வழி இல்லையென்றும் சொல்லமுடியாது. ராங்ளர் என்னும் ஜீப்பில் சின்னக் கியர் பெட்டியைப் போட்டுவிட்டால், கிளட்சை மிதிக்காமலே கிளப்பலாம். டொயோட்டாக்காரர்கள் எஃப்.ஜே. குரூஸர் வண்டியில், கிளட்ச் கட்டாயத்தை ரத்து செய்வதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். மனம் இருந்தால் மார்க்கமுண்டு. என் வண்டியிலோ, வேண்டாமென்று ஒரு பொத்தானை அமுக்கினாலும், அந்த உத்தரவு சாவியை அணைக்கும் வரையில்தான் செல்லும். மறுபடி கிளப்பினால், போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "உன் நன்மைக்காகவே உன்னை ஆளுகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை 1947-ல் கப்பலேற்றி அனுப்பிய தேசம் இது. அந்த வாசகத்தைக் கேட்டால் நமக்கு இன்னும் உடம்பு எரிகிறது. மோட்டார் வண்டி சொன்னாலும் எரியத்தானே செய்யும்?

1924-ஆம் வருஷத்தில், சாந்திநிகேதனத்து மாணவரான ஜி. ராமச்சந்திரன், யந்திரங்களைப் பற்றி மகாத்மா காந்தியிடம் கேட்டார். 1947-ல் சௌந்தரம் அம்மையாரும் இவருமாகத்தான் திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தை ஸ்தாபித்தார்கள். மகாத்மா எல்லா யந்திரமும் கூடாதென்று சொல்லவில்லை. சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனிதனுடைய அவயவங்களைச் சூம்பிப் போகும்படி யந்திரம் செய்துவிடக்கூடாது என்பதே அவருடைய கவலை. தையல் யந்திரத்தைப் பாருங்கள்: கால் மிதித்தால் ஓடுகிறது, கால் நின்றால் நிற்கிறது, துணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கைக்கே விட்டுவிடுகிறது. இதற்குமேல் ஓர் யந்திரத்துக்கு என்ன மரியாதை தெரியவேண்டும்?

அவயவம் சூம்புவது வீண் பயமல்ல என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. பெரியவர் தோட்டத்தில் மூட்டை இறக்கிவிட்டுப் புறப்படும்போது, என் பெண் அவருடைய ஜீப்பை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். "அதுக்கென்னுங்க, அம்மணி" என்று தோட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு மேட்டைக் காட்டினார். மேட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஜீப் பின்னுக்கு உருண்டது. அவள் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்! வண்டி உருளும் என்பதையே அவள் அதுவரை கண்டதில்லை. இரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். அவளுக்கும் பூமியின் இழுப்புக்கும் நடுவே ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவை எஞ்சின் அணைந்தது. இரண்டாம் தடவை ஜீப் துள்ளி நின்றது. நான் இரண்டடி முன்னால் போனேன். பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "நீங்க சும்மா இருங்க" என்றார். மூன்றாம் தடவை அவள் கைப்பிரேக்கை இழுத்து, கிளட்ச் கவ்வும் இடத்துக்குக் காத்திருந்து, அப்புறம் விட்டாள். ஜீப் ஏறிற்று.

திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள். நான் மறுக்க முடியவில்லை. இரண்டாவது கியரில் நிதானமாக, எஞ்சின் பிடியிலேயே இறக்கிக்கொண்டு வந்தாள். எழுபது வளைவுகளில் பாதிக்குமேல் தாண்டியிருப்போம். ஒரு வளைவில் திரும்பும்போது எதிரே அரசாங்கப் பஸ் ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். அவளுக்கும் அது தெரியும். ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் என் வலது கை, என்னைக் கேளாமலே, கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டது. வண்டி குலுங்கி, எஞ்சின் அணைந்து, பாதி ஒதுங்கியும் பாதி ஒதுங்காமலும் நின்றது. பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

என் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கிளட்சை மிதித்துக் கிளப்பினாள். வண்டியை ஒதுக்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் அமைதியாக, "அப்பா, உங்களை அணைத்து வைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? நேற்று மேட்டில் அவள் கேட்ட கேள்விக்குச் சிரித்தவன் நான். மலைப் பாதையில் இரண்டு தடவை மறுத்தவன் நான். எல்லாம் அவளுடைய நன்மைக்காகத்தான்! என் வண்டிக்குள் குடியிருக்கும் உபகாரிகள் ஏழு பேர் என்று வாசகர்களுக்குச் சொன்னேன். கணக்கில் தவறு, எட்டுப் பேர். எட்டாமவர் இடப் பக்க ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு கைகளையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டேன். காரவள்ளி வந்து சேரும் வரையில் வாயும் திறக்கவில்லை. அடுத்த வளைவுகளிலெல்லாம் என் வலது கால் மட்டும், பிரேக்கே இல்லாத இடத்தில், வண்டியின் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு வந்தது. அதை மட்டும் மன்னித்துவிடும்படி பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். அந்த உபகாரத்தினால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை.